வெல்லவாயவில் வாங்கிய கல்லுப்பு

டீச்சர்,

இன்று காலை பக்கத்து வீட்டு மருமகள் ஒரு கூடை பேரிக்காயோடு வாசலில் வந்து நின்றாள். பண்டாரவளையில் அவளுடைய அம்மா வீட்டு மரத்தில் காய்த்தவை. பச்சையாக, கல்லு மாதிரி இருந்தன. "டீச்சர், ஊறுகா போடலாம்னு இருக்கேன். கடையில உப்பே அஞ்சாறு வகை வச்சிருக்காங்க. எத வாங்குறது?" என்று கேட்டாள். நான் ஒரு காயை எடுத்து முகர்ந்தேன். அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்தது.

"பொடி உப்பு வேணாம்மா. கல்லுப்பு வாங்கு. தண்ணியில கரைச்சு, அப்படியே தெளிய விட்டு, மேல் தண்ணிய மட்டும் துணியில வடிச்சு எடு."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"எங்க ஸ்கூல் சயன்ஸ் டீச்சர்" என்றேன். அவளிடம் அதற்கு மேல் சொல்லவில்லை. மீதியை உங்களுக்கே எழுதுகிறேன்.

நீங்கள் பதுளைக்கு வந்தது தொண்ணூறுகளின் நடுவில். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெட்டியோடும் ஒரு குடையோடும் வந்து இறங்கினீர்கள். நான் அதே பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் முன்னதாகத்தான் மனையியல் படிப்பிக்கச் சேர்ந்திருந்தேன். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். உங்களுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. முதல் நாள் இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீர் என்ன பாடம் எடுக்கிறீர்?" என்று கேட்டீர்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் 'நீங்க' உண்டு, 'நீ' உண்டு. 'நீர்' என்றால் யாரோ அதிகாரி அதட்டுகிற மாதிரி. ஒரு வாரம் கழித்துத்தான், உங்கள் ஊரில் மனதுக்குப் பிடித்த சமவயதுக்காரரை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று தெரிந்தது. அதன் பிறகு அந்தச் சொல்லுக்காகவே காத்திருப்பேன். "உம்மட ரொட்டியில ஒரு துண்டு தாரும்" என்று நீங்கள் கை நீட்டினால் எனக்குப் பாதி ரொட்டி போதும்.

அந்த வருடம் மாகாணப் பாடசாலைக் கண்காட்சிக்கு எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து மனையியல் பிள்ளைகளும் ஏதாவது அனுப்பலாம் என்று சொன்னார்கள். ஒன்பது பெண் பிள்ளைகள். எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள். விலை குறைவாக நம் மலையில் கிடைப்பதை வைத்துச் செய்வோம் என்று பேரிக்காயும் கரட்டும் பச்சை மிளகாயும் வெட்டி, வினாகிரியும் உப்புத் தண்ணீரும் ஊற்றிக் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்தோம். போத்தல்களை வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்து, வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்து, வெயிலில் கவிழ்த்தோம். ஒரு பிள்ளை தன் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எங்க லயத்துக் காம்பராவுல கண்ணாடிச் சாமானே கெடையாது டீச்சர்" என்றது. போத்தலைக் கீழே வைக்க மனசில்லாமல் வைத்தது.

ஐந்தாம் நாள் பார்த்தால் அத்தனை போத்தலும் கலங்கிப் போயிருந்தன. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. அடியில் வெள்ளையாக ஒரு படிவு. அதிபர் ஒரு போத்தலைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார்.

"கெட்டுப் போச்சே டீச்சர். இத அனுப்புனா நம்ம ஸ்கூலப் பத்தி என்ன நெனைப்பாங்க? தையல் வேலை ஏதாச்சும் இருந்தா அனுப்புவோம்."

பிள்ளைகள் கேட்டுக்கொண்டு நின்றன. நான் அழாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். நீங்கள்தான் ஒரு போத்தலை வாங்கித் திறந்து, முகர்ந்து, ஒரு பேரிக்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றீர்கள்.

"பழுதாகேல்லை. நல்லாத்தான் கிடக்கு. எனக்கென்னவோ உப்பிலதான் சந்தேகம். பொறும், பாப்பம்."

விஞ்ஞான அறை ஜன்னலில் நான்கு கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்தீர்கள். பஜாரில் வாங்கிய பொடி உப்பு ஒன்றில், கூட்டுறவுக் கடை உப்பு ஒன்றில், விடுதிச் சமையலறை உப்பு ஒன்றில். நான்காவதில் எங்கள் அம்மா லயத்து அடுப்புக்குப் பக்கத்தில் பழைய தகரப் பேணியில் வைத்திருந்த கல்லுப்பு. அதை அந்த வார இறுதியில் போய் ஒரு கைப்பிடி வாங்கி வந்திருந்தேன். கலக்கிவிட்டு நாம் பாடம் எடுக்கப் போனோம். திரும்பி வந்தபோது மூன்று குவளைகள் கலங்கியிருந்தன. அம்மாவின் உப்பில் அடியில் கொஞ்சம் மண். மேலே தண்ணீர் பளிச்சென்று இருந்தது.

"கட்டி பிடிக்காமல் இருக்க இந்தப் பைக்கற்றுகளில ஏதோ சேர்க்கிறாங்கள். அது கரையாது. சாப்பிட்டா ஒண்டும் செய்யாது, கண்ணுக்குத்தான் கலங்கல்" என்றீர்கள்.

"நடுவர்மாரு சாப்பிட மாட்டாங்க டீச்சர். பாத்துட்டுப் போயிருவாங்க."

"அப்ப கல்லுப்புத்தான் தேட வேணும்."

அந்த வருடங்களில் அது லேசாக இல்லை. கடைக்குக் கடை பைக்கற்று உப்பு வந்துவிட்டிருந்தது. அம்மாவின் பேணியில் இருந்தது பழைய மிச்சம். பஜாரில் ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினோம். கடைசியில் கருவாட்டுக் கடை முஸ்லிம் நானாதான் வழி சொன்னார். "இங்க கெடைக்காது டீச்சர். மலைக்குக் கீழ வெல்லவாயவுக்குப் போங்க. ஹம்பாந்தோட்டை உப்பு லொறி அங்க எறக்கிட்டுத்தான் போகும்."

சனிக்கிழமை விடியக் கிளம்பினோம். பஸ் எல்ல ஊர் மலைப்பாதையின் வளைவுகளில் இறங்க இறங்க நீங்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "இந்த மலை எனக்குச் சரிவராது, நான் கடல்மட்டத்துப் பிறவி" என்றீர்கள். இராவணா நீர்வீழ்ச்சியைப் பார்க்கச் சொன்னேன். கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்றீர்கள். வெல்லவாயவில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் உப்பு குவிந்து கிடந்தது. சாம்பல் நிறம், பட்டாணி அளவு, ஈரம். ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டீர்கள். "எங்கட வீட்டு அடுப்படிக்குப் போய் வந்த மாதிரிக் கிடக்கு" என்றீர்கள். ஊரை விட்டு வந்ததைப் பற்றி நீங்கள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

கடைக்காரர் கட்டித் தந்த கடதாசிப் பை பஸ் நிலையத்துக்கு வருவதற்குள் ஈரத்தில் பிய்ந்துவிட்டது. என் கைப்பைக்குள் மடித்து வைத்திருந்த உரப்பையை எடுத்தேன். அண்ணன் தோட்டத்திலிருந்து மரக்கறி அனுப்பிய பை. கழுவிக் காயவைத்தது. உப்பை அதில் கொட்டிக் கயிற்றால் கட்டினோம். பையில் பெரிய எழுத்தில் யூரியா என்று அச்சடித்திருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

திரும்பும் வழியில் மேட்டில் ஒரு சோதனைச் சாவடி. போகும்போது சும்மா கையைக் காட்டி அனுப்பியவர்கள் வரும்போது பஸ்ஸை மறித்தார்கள். ஒரு பொலிஸ்காரர் ஏறி அடையாள அட்டைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். உங்கள் காலடியில் இருந்த பையைக் கண்டார். யூரியா வைத்துக் குண்டு செய்கிறார்கள் என்று நாடே பயந்திருந்த காலம். கயிற்றை அவிழ்த்துப் பார்த்தார். உள்ளே சாம்பல் வெள்ளையாகக் கற்கள்.

"மேக்க காகெத?" என்றார். இது யாருடையது?

பை என்னுடையது. அண்ணனுடைய பை. நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மகே" என்றீர்கள். என்னுடையது. "லுணு மாத்தயா, உப்பு."

அவர் உங்கள் அடையாள அட்டையைத் திருப்பினார். யாழ்ப்பாணத்து விலாசம். "பஹின்ன" என்றார். இறங்கச் சொல்கிறார். நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினீர்கள்.

நான் எழும்பவில்லை, டீச்சர். முன் இருக்கைக் கம்பியைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. பக்கத்து வரிசையில் இருந்த யாரோ ஒரு அம்மா என் முழங்கையைத் தொட்டு, "சும்மா இருங்க. நீங்களும் மாட்டிக்குவீங்க" என்றாள். அவள் சொல்லாவிட்டாலும் நான் எழும்பியிருக்க மாட்டேன் என்பதுதான் உண்மை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீங்கள் பைக்குள் கைவிட்டு ஒரு கல்லை எடுத்து, அவர் முன்னால் வாயில் போட்டு, கடித்து விழுங்கினீர்கள். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாவடிக் கொட்டிலுக்குள் போகச் சொன்னார். கொண்டக்டர் தகரத்தில் தட்டினான். பஸ் கிளம்பியது.

பதுளையில் இறங்கி அதிபர் வீட்டுக்கு ஓடினேன். அவர் சிங்களம் படிப்பிக்கிற வாத்தியாரை, எங்கள் சேரைத் தேடிப் பிடித்தார். சேரிடம் ஒரு பழைய வான் இருந்தது. அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். "நீங்க வர வேண்டியதில்ல டீச்சர், நாங்க பாத்துக்கிறோம்" என்றார் அதிபர். நான் போய் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். இறங்கச் சொல்லிவிடுவார்களோ என்று கதவைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

நாங்கள் போய்ச் சேரும்போது ஐந்து மணி இருக்கும். சாவடிக்குப் பக்கத்துப் பலாமரத்தடியில் ஒரு மர வாங்கில் நீங்கள் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். பை காலடியில். மேலதிகாரி ஒருவர் வந்து, தண்ணீரில் கரைத்துப் பார்த்து, நாக்கில் தொட்டுப் பார்த்து, ஏற்கெனவே சிரித்துவிட்டாராம். பொறுப்பெடுக்க யாராவது வரட்டும் என்றுதான் வைத்திருந்தார்களாம். சேர் கையெழுத்துப் போட்டார். வானில் ஏறியதும் நீங்கள் சொன்னது ஒன்றுதான்.

"உப்பு ஈரமாப் போச்சு டீச்சர். நாளைக்கு வெயிலில போடுங்கோ."

'போடும்' என்று சொல்லவில்லை. 'போடுங்கோ' என்றீர்கள்.

அந்த உப்பைக் கரைத்து, மண் அடியில் படிய விட்டு, வெள்ளைத் துணியில் இரண்டு தரம் வடித்து, பிள்ளைகளோடு திரும்பவும் போத்தல் போட்டோம். கண்காட்சிக்குப் போனது. பரிசு ஒன்றும் வரவில்லை. ஆனால் வெயில் பட்ட மேசையில் அந்த ஒன்பது போத்தலுக்குள்ளும் ஒவ்வொரு பேரிக்காய்த் துண்டும் எண்ணிவிடலாம் போல இருந்தது. பிள்ளைகள் மாற்றி மாற்றிக் காவல் நின்றன. அதிபர் வருகிறவர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டினார். நீங்கள் தூரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

அதன் பிறகு ஆறேழு வருடம் ஒரே ஓய்வறையில் இருந்தோம். உங்களிடம் ஒரு கோபமும் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டு வந்தீர்கள். என் கல்யாணத்துக்கு நீங்கள்தான் தலை பின்னிவிட்டீர்கள். ஆனால் அந்த 'நீர்' மட்டும் திரும்பி வரவில்லை. "நீங்கள் சாப்பிட்டீங்களோ?" என்பீர்கள். கேட்கிறவர்களுக்கு அது மரியாதை. எனக்குத்தான் தெரியும் அது எவ்வளவு தூரம் என்று. மன்னிப்புக் கேட்க எத்தனையோ நாள் வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் மணி அடித்துவிடும், அல்லது அடித்தது போல நான் எழும்பிப் போய்விடுவேன்.

சண்டை நின்று வடக்குக்குப் பாதை திறந்த வருடம் உங்களுக்கு இடமாற்றம் கிடைத்தது. பதுளை ஸ்டேசனில் காலை ரயில். பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றேன். இனி மணி அடித்தால் நீங்கள்தான் போவீர்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

"அன்னைக்கு நான் பஸ்ஸ விட்டு எறங்கல டீச்சர். பை என்னோடது. சொல்லவும் இல்ல."

நீங்கள் ஜன்னல் பக்கம் குனிந்தீர்கள். பரவாயில்லை என்று சொல்வீர்கள் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் அந்த மனஸ்தாபம் அப்படியே கிடந்திருக்கும்.

"இறங்கியிருக்கலாம்" என்றீர்கள். "அந்த வாங்கில இருந்து ஒவ்வொரு பஸ்ஸா பாத்துக்கொண்டிருந்தனான். அடுத்த பஸ்ஸில வருவீர், அதுக்கடுத்ததில வருவீர் எண்டு. எனக்குச் சரியான கோபம். கனகாலம் இருந்தது." பிறகு ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் கையைப் பிடித்தீர்கள். "ஆனா பின்னேரம் அந்த வானில முன்னுக்கு இருந்து வந்ததும் நீர்தான். வராமலும் விட்டிருக்கலாம். ரெண்டையும்தான் நான் வைச்சிருக்கிறன். ஒண்டை எறிஞ்சிட்டு மற்றதை வைச்சிருக்கேலாது."

ரயில் நகர்ந்த பிறகுதான் நீங்கள் என்னை 'நீர்' என்று சொன்னது காதில் விழுந்தது. பிளாட்போரத்தில் நின்று அழுதேன். பக்கத்தில் நின்ற போர்ட்டர், "அக்காங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

மூன்று நான்கு வருடம் கடிதம் எழுதினீர்கள். பிறகு பாதை மறுபடி மூடிக்கொண்டது. கடிதங்கள் நின்றன. கொழும்பிலிருந்த உங்கள் தங்கை ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டு, சுகமில்லாமல் கிடந்து போய்விட்டீர்கள் என்று சொன்னார். வருகிற வழி இல்லை. உங்கள் ஊர் வழக்கப்படி முப்பத்தோராம் நாள் காரியத்துக்குக் கணக்குப் பார்த்து, இங்கே வீட்டில் விளக்கு ஏற்றினேன்.

நான் ஓய்வு பெறும்வரை மனையியல் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் அந்த நான்கு குவளைகளை ஜன்னலில் வைத்துக் காட்டினேன். யார் செய்து காட்டியது என்று சொன்னேன். சாவடியைப் பற்றியும் சொன்னேன், யார் இறங்கவில்லை என்பதையும் சேர்த்து. முதல் வருடம் அதைக் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பிறகு பழகிவிட்டது.

நீங்கள் சொன்னபடி இரண்டையும் நானும் வைத்திருக்கிறேன். பஸ்ஸுக்குள் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவள்தான் எப்போதும் முதலில் வருகிறாள். வானில் ஏறியவள் கொஞ்சம் பிந்தித்தான் வருகிறாள். ஆனால் வந்துவிடுகிறாள், டீச்சர்.