எடையில்லாத கல்தொட்டி

அக்கா,

எங்கள் வீட்டை ஒட்டிய மரத்தள டெக்குக்கு ஒரு பூத்தொட்டி செய்யலாமென்று இன்று காலை தெர்மோகோல் பலகையை அறுத்தேன். வெள்ளை மணிகள் தலைமுடியிலும் சட்டைக் கையிலும் ஒட்டிக்கொண்டன. தட்டத் தட்டப் போகவில்லை. உங்கள் நினைவு வந்துவிட்டது.

இந்த ரவுண்ட் ராக் ஊரில் நாங்கள் வீடு வாங்கியபோது பக்கத்து வீட்டில் நீங்கள் இருந்தீர்கள். நான் ஈரோடு, நீங்கள் யாழ்ப்பாணம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்த வருடம், மாடி டெக்கில் கல்தொட்டி வைத்துப் பத்துமணிப் பூ வளர்க்க ஆசைப்பட்டீர்கள். இடது கையால் பால் கேனைக்கூடத் தூக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். டெக்கும் பழையது, நிஜக் கல்லைத் தாங்காது.

"கல்லு மாதிரி இருக்கோணும். ஆனா நான் தனியத் தூக்கோணும்," என்றீர்கள்.

உங்கள் கராஜில் ஆரம்பித்தோம். தெர்மோகோலைப் பெட்டியாக ஒட்டி, வலை சுற்றி, பசை கலந்த சிமென்ட்டைப் பூசினோம். முதல் பெட்டியில் நான் அப்பிய சிமென்ட் காய்ந்தபின், இருவர் சேர்ந்தும் அதை அசைக்க முடியவில்லை.

"என்ன, கோயில் கட்டுறீரோ?" என்று கேட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தீர்கள். சிகிச்சைக்குப் பிறகு நீங்கள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அடுத்ததில் மெல்லிய பூச்சுதான். ஈரம் காயுமுன் ஸ்க்ரூடிரைவரால் கல்லின் வெடிப்புகளைக் கீறினீர்கள். சாம்பல் நிறத்தின் மேல் பழைய டூத்பிரஷால் பழுப்பைத் தெளித்தீர்கள். மாடிப்படியில் நான் கை நீட்டியபோது, "விடும். நான் கேட்டாப் பிடியும்," என்று சொல்லி, வலது கையில் அணைத்தபடி நீங்களே கொண்டுபோனீர்கள்.

அந்த மாதம் விருந்துக்கு வந்த ஒரு அங்கிள், "இவ்ளோ பெரிய ஸ்டோன எப்படி மேல ஷிஃப்ட் பண்ணீங்க?" என்றார். செடி வைக்காத பெட்டி ஒன்றை ஒற்றைக் கையால் தூக்கி அவர் மடியில் வைத்தீர்கள். மனிதர் அலறிவிட்டார்!

மறு வருடம் நோய் திரும்பியது. வெயில் ஏறியதும் தொட்டிகளை நிழலுக்கு நகர்த்துவது உங்கள் வழக்கம். ஒருநாள் ஒன்றைப் பிடித்துப் பார்த்தீர்கள். எழும்பவில்லை.

"மண் நனைஞ்சு போச்சுப் போல," என்றீர்கள்.

மண் காய்ந்து வெடித்திருந்தது. "ஆமாக்கா, ஈரந்தான்," என்றேன்.

பிறகு, "இப்ப பிடியும்," என்றீர்கள். சேர்ந்து நகர்த்தினோம்.

நீங்கள் போய்ச் சில வருடங்களாகிவிட்டன. இப்போது என் மாமனார் எங்களோடு இருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு விரல்கள் சரியாக மடங்குவதில்லை. இன்று சட்டைப் பொத்தானோடு அவர் வெகுநேரம் மல்லுக்கட்டினார். "அம்மா, ஜஸ்ட் டூ இட் ஃபார் ஹிம்!" என்று மகள் பொறுமையிழந்தாள். அவளைக் கையமர்த்திவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். ஒவ்வொன்றாகப் போட்டு முடித்தவர், கடைசியில் கழுத்தை என் பக்கம் நீட்டினார்.

"மேல் பொத்தான மட்டும் போட்டு உடு, அம்மிணி."