இருநூறு கிலோமீட்டர், இரண்டு பேர்

அன்பு அக்காவுக்கு,

நேற்று நூற்றைம்பது கிலோமீட்டரை ஏழு மணி நேரத்தில் ஓட்டி முடித்துவிட்டேன்! சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. சாலையோரத்தில் உட்கார்ந்து பைத்தியம் மாதிரி தனியாகச் சிரித்தேன்.

பந்தயத்துக்கு இன்னும் ஆறே வாரம். பல் மருத்துவமனையில் எனக்கு மதியம் ஐம்பது நிமிஷம்தான் ஓய்வு. அதில் நாற்பது நிமிஷம் பின்பக்க மேம்பாலத்தில் சைக்கிளில் ஏறி ஏறி இறங்குகிறேன். சாப்பாடு நின்றுகொண்டே நாலு வாய்தான்.

"பல்லைக் கடிச்சிக்கிட்டு ஓட்டாதே, அப்புறம் உன் பல்லையும் நான்தான் பார்க்கணும்" என்கிறார் டாக்டரம்மா. காலையில் அவர் தன் குழந்தையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்குக் கிளப்பிவிட்டு வருகிற வரை, அந்த ஒரு மணி நேரமும் எனக்குச் சைக்கிள்தான்.

போன பந்தயத்தில் உன் டயர் வெடித்தபோது நான் கவனிக்கவில்லை என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டது, அக்கா. இரண்டு தடவையும் கேட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் ஜோடிப் பிரிவு என்று புதிதாக ஒன்று வைத்திருக்கிறார்கள். இருநூறு கிலோமீட்டரும் இருவரும் சேர்ந்தே ஓட்ட வேண்டும். ஒருத்தி மட்டும் முந்திப் போனால் செல்லாது. அதைப் படித்த நிமிஷமே நம் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன்.

கோபம் வந்தால் நேரில் திட்டிக்கொள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு உன் வாசலில் நின்று சைக்கிள் மணியை அடிப்பேன். நீ வெளியே வரும்வரை நிறுத்த மாட்டேன்.

உன் தங்கச்சி