கேட்காமல் நகலெடுத்த கடிதங்கள்

இன்று காலை எங்கள் பள்ளி நூலகத்தில் மைதாப் பசை காய்ச்சினார்கள். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார்களே, அந்தப் பசை வாசனை வகுப்பு வரைக்கும் வந்தது. கையெழுத்துப் பத்திரிகையின் அடுத்த இதழுக்கு அட்டை ஒட்டுகிறார்களாம். "இந்த வருசமும் நீதான் எழுதணும். உன் கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்கு" என்றார் தமிழம்மா. நான் தலையாட்டிவிட்டுத் தண்ணீர்ப் பானைப் பக்கம் போய் நின்றேன். தாகம் இல்லை. உன் நினைவு வந்துவிட்டது.

நீ சைகோனிலிருந்து கப்பலில் வந்து எங்கள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது, உனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. உன் வாப்பா அங்கே துணிக்கடை வைத்திருந்தார். நீ கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் பிரெஞ்சில் படித்தவள். கடலூர் ஓ.டி.யில், பழைய டவுனில், நீங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டில் நான் உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். நீ எனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாய். அறுநூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சுப் பாட்டு. கவிதையும் அவரே எழுதி, மெட்டும் அவரே போட்ட ஒருவருடையது. அவர் பெயரை உன்னைப்போல் மூக்கால் சொல்ல எனக்குக் கடைசிவரை வரவில்லை. பாட்டுக்காரர் என்றே நாம் பெயர் வைத்துக்கொண்டோம்.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வகுப்போடு போனது எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. பாட்டுக்காரருடைய பாட்டு ஒன்றில், ஒருவர் மெட்டை முதலிலிருந்து பாட, இன்னொருவர் அதே மெட்டைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் பாட வேண்டும். "நீ அந்தக் கட்டுமரத்துலேருந்து வா. நான் இந்தக் கட்டுமரத்துலேருந்து வரேன். நடுவுல சந்திப்போம்" என்றாய். நான் பாதியிலேயே தடம் மாறி உன் பக்கத்து மெட்டைப் பாடிவிட்டேன். கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாடி பாட்டு இது? தொண்டையில நெத்திலி முள்ளு மாட்னாப்புல!"

"முள்ளு இல்ல பெரியம்மா, பிரெஞ்சு."

"ரெண்டும் ஒண்ணுதான், போடி!"

நீ சிரித்தாய், சிரித்துக்கொண்டே இருந்தாய். திடீரென்று கட்டுமரத்தில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய். உதடு நீலமாகிவிட்டது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தைக் கெடுத்துவிட்டதாக அப்போதுதான் சொன்னாய். "யாருகிட்டயும் சொல்லிடாத. லாத்தாவுக்கு மாப்பிள்ள பேசிட்டிருக்காங்க. அவ கல்யாணம் முடியற வரைக்கும் வெளிய தெரியக் கூடாதுன்னு உம்மா சொல்லியிருக்காங்க." உன் அக்காவை நீ லாத்தா என்பாய். நான் உன் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன்.

பத்தாம் வகுப்பில் உன்னைப் பள்ளியை விட்டு நிறுத்தினார்கள். நல்ல டாக்டர் இருக்கிறார் என்று சிதம்பரத்தில் உன் மாமா வீட்டுக்கு எல்லோரும் குடிபோனீர்கள். அங்கிருந்து வாரம் ஒரு கடிதம் வரும். பாட்டுக்காரருடைய வாழ்க்கையைத் தொடர்கதை மாதிரி எழுதுவாய். கண் தெரியாத ஒரு ராஜாவுக்கு அவர் எழுத்தராக இருந்தது. அந்த ராஜா கண் தெரியாமலே போருக்குப் போய் மாண்டது. ஊரில் கொள்ளைநோய் வந்தபோது பாட்டுக்காரர் மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தது, பிறகு வெளியே வாத்தியச் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தது. நடுநடுவே உன் சமாசாரமும் வரும். "அவருக்குக் காலு வீங்குமாம். எனக்கும் வீங்குது. மூணு படி ஏறினா அவரு மாதிரி கிழவியாயிடுறேன்."

அவருக்கு வயதான பிறகு, அவர் பாட்டுகளைக் கேட்டு ஆசைப்பட்ட ஓர் இளம்பெண் அவருக்குக் கவிதை எழுதி அனுப்பினாள். இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கடிதங்களையும் பாட்டுகளையும் சேர்த்து அவர் ஒரு புத்தகம் செய்தார். செய்யச் சொன்னதே அவள்தான். ஆனாலும் அவர் கண்டவருக்கெல்லாம் காட்டுகிறார் என்று கேள்விப்பட்டபோது அவள் மனம் நொந்துபோனாள் என்று எழுதியிருந்தாய்.

அந்த மாதம் பத்திரிகைக்கு நான்தான் கட்டுரை தர வேண்டும். பாட்டுக்காரரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். நானாக எழுதியது அரைப் பக்கம்கூட வரவில்லை, வந்ததும் பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. உன் கடிதங்களை எடுத்து வைத்து நகலெடுத்தேன். உன் பெயரை விட்டுவிட்டால் போதும் என்று நினைத்தேன். "சைகோனிலிருந்து வந்து சிதம்பரத்தில் இருக்கும் என் தோழி" என்று போட்டேன். கால் வீங்குவதையும் மூன்று படியையும் விடவில்லை. அவைதான் எல்லாவற்றிலும் அழகாக இருந்தன. அந்தப் பெண் மனம் நொந்ததையும் விடவில்லை, அதையும் குண்டு குண்டான எழுத்தில் எழுதினேன். எழுதும்போது எனக்கு உறைக்கவே இல்லை.

நம் பத்திரிகை ஒரே ஒரு பிரதி. வீடு வீடாகப் போகும், படித்தவர்கள் கடைசித் தாளில் கருத்து எழுதுவார்கள். பதினாறு பேர் எழுதினார்கள். "கண்ணீர் வந்தது" என்று ஒருவர். நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பூரித்தேன். லாத்தாவுக்குப் பேசிய மாப்பிள்ளையின் தங்கை நம் பள்ளியில் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. அவள் வீட்டுக்கும் பத்திரிகை போனது. சைகோன், சிதம்பரம் என்றால் வேறு யார்? சிதம்பரத்தில் விசாரித்திருக்கிறார்கள். "குடும்பத்துலயே நெஞ்சு வியாதியாமே" என்று ஒரே மாதத்தில் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள்.

உன் கடைசிக் கடிதம் இரண்டே வரி. "நீயும் அவரு மாதிரி பண்ணிட்ட. அவராவது அந்தப் பொண்ணு சொல்லித்தான் பண்ணாரு."

நான் பதில் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். பரீட்சை முடியட்டும் என்றேன், பிறகு நல்ல வார்த்தை கிடைக்கட்டும் என்றேன். புத்தகம் புத்தகமாகப் படிக்கிறவளுக்கு மன்னித்துக்கொள் என்ற வார்த்தை கிடைக்காமலா போகும்? மூன்று மாதம் போயிற்று. உன் வாப்பாவிடமிருந்து அப்பாவுக்குத் தபால் அட்டை வந்தது.

உனக்கு நாற்பதாம் நாள் ஓதி முடிந்த பிறகு, அப்பாவோடு பஸ்ஸில் சிதம்பரம் வந்தேன். உம்மா என்னைத் திட்டுவார் என்று பயந்துகொண்டே வந்தேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டார்.

"கடைசி வரைக்கும் நல்லாயிடும்னுதாம்மா இருந்தா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அந்த மட்டுக்கும் அல்லா காப்பாத்துனான்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாரா வாரம் ஒனக்கு எழுதுவாளே, அந்தக் காயிதமெல்லாம் வச்சிருக்கியா? எனக்குத் தா. லாத்தாவப் படிச்சுக் காட்டச் சொல்லிக் கேக்குறேன்" என்றார்.

உன் ஏழாவது கடிதம் எனக்கு மனப்பாடம். "டாக்டரு மாமாகிட்ட சொன்னத நான் கேட்டுட்டேன். நான் வருசம் தாண்ட மாட்டேனாம். நான் கேட்டது உம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டாங்க." அதை மட்டும் நான் பத்திரிகையில் சேர்க்கவில்லை. உன்மேல் உள்ள அன்பால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். தாள் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு கடிதத்தை மட்டும் உருவிவிட்டு மற்றதைத் தரலாமா என்று யோசித்தேன். ஆனால் அந்தச் சேதி தெரிந்த பிறகு நீ எழுதிய எல்லாக் கடிதத்திலும் அது ஏதாவது ஓர் இடத்தில் இருக்கிறது. முதல் ஆறை மட்டும் கொடுத்தால் மற்றது எங்கே என்று கேட்பார்கள்.

"எரிச்சிட்டேன் உம்மா. நடந்ததுக்குப் பயந்துபோய் எல்லாத்தையும் எரிச்சிட்டேன்" என்றேன்.

அதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்த லாத்தா என் பக்கம் திரும்பினார். "ஊரு பூரா படிச்சுது. எங்களுக்கு மட்டும் இல்லையா?"

"வுடுடி, சின்னப் புள்ள" என்று உம்மா என் தலையைத் தடவினார். அப்பா என்னைப் பார்த்தார். நான் எதையும் எரிக்கவில்லை என்று அவருக்குத் தெரியும். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்துகொண்டார்.

பதினொரு கடிதங்களும் என் தகரப் பெட்டியில் இருக்கின்றன. லாத்தாவுக்கு இன்னும் வேறு இடம் அமையவில்லையாம். என்னை அவர் மன்னிக்கவில்லை, இந்தப் பொய்க்குப் பிறகு மன்னிக்கவும் மாட்டார். அது அப்படியே இருக்கட்டும். உன்னைக் கேட்காமல் அவற்றை இனி நான் யாருக்கும் தர முடியாது.