வள்ளிக்கு மறுபடியும் வயிறு

அக்கா,

இன்று காலை மீன்தொட்டி முன்னால் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், கல்லூரிக்குக் கிளம்பி நின்ற மகள், சுவரில் குன்றத்தூர் முருகன். தொட்டிக்குள் தங்கமீன் வள்ளி. தண்ணீர் மாற்றும்போது கூழாங்கற்களுக்கு அடியிலிருந்து அந்தப் பச்சைக் கண்ணாடி வளையல் கைக்கு வந்தது. நீங்கள் தவறிப்போய் ஒரு வருஷமாகிறது. வள்ளிக்கு மறுபடியும் வயிறு பெருத்திருக்கிறது.

முதல் தடவை நான் அடித்த கூத்து உங்களுக்கு மறந்திருக்காது. சினை என்று நானே முடிவு கட்டி, தொட்டிக் கண்ணாடியில் ஸ்கேலை வைத்துத் தினமும் வயிற்றை அளந்து நோட்டில் எழுதினேன். ஒன்பதாம் நாள் வளைகாப்பு. மீனுக்குக் கை ஏது? வளையலைத் தண்ணீரில் போட்டேன். ஐந்து வகைச் சாதம். எங்கள் இரும்புலியூர்த் தெருவிலிருந்து நான்கு பேர் வந்து பாடவும் செய்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மீன் விற்கக் கூடையோடு வந்தீர்கள். வள்ளியைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, என்ன தின்னக் கொடுத்தாய் என்றீர்கள். கிருத்திகைப் பிரசாதம், சர்க்கரைப் பொங்கலில் ஒரு பருக்கைதான் என்றேன். தினமும் ஒரு பருக்கை என்பதை நோட்டு காட்டிக்கொடுத்துவிட்டது.

"இது சினை இல்லம்மா, செரிக்கல. ரெண்டு நாளு பட்னி போடு."

பாட்டு நின்றது. எல்லோரும் புளிசாதத்தைப் பார்த்தார்கள்.

விடுவேனா? மகளின் விலங்கியல் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். மஞ்சள்கருவின் சத்து தாயின் ஈரலில் உண்டாகி, ரத்தத்தில் ஏறி வந்து முட்டைக்குள் இறங்குகிறது என்று மீன்காரிக்கே பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு கெளுத்தியை வாசலிலேயே கீறினீர்கள். வள்ளி பார்க்கக்கூடாதென்று தொட்டிமேல் துண்டைப் போட்டேன்.

"மத்யானம் கொழம்பு வெக்கச்சொல்லோ எந்தத் துண்ட போடுவ?" என்றீர்கள்.

உள்ளே ஒரே சினைப்பையில் வெளுத்த கடுகு போலச் சில, மஞ்சள் பட்டாணி போலச் சில. கடுகுக்கு இன்னும் சத்து ஏறவில்லை, பட்டாணிக்கு ஏறிவிட்டது.

"புக்கு சரியாத்தான் சொல்லுது. ஆனா வவுத்த மட்டும் பாக்காத, முதுவத் தொட்டுப் பாரு. சினை ரொம்பிகினு வந்தா ஆத்தாளுக்கு முதுவுல சதை கரைஞ்சிடும். உன் வள்ளி முதுவு கொழுகொழுன்னு கீது."

வந்தவர்கள் சாதத்தை டப்பாவில் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மூன்றாம் நாள் வள்ளியின் வயிறு வற்றியது.

அன்று நீங்கள் குனிந்து கூடையைத் தூக்கியபோது, ரவிக்கைக்கு மேலே முதுகெலும்பு வரிசையாகத் தெரிந்தது. மூன்று பிள்ளைகளை வளர்த்த முதுகு. உங்கள் பேச்சைக் கேட்டு நான் மீனின் முதுகை மட்டும்தான் நோட்டில் எழுதினேன்.

இன்றும் தொட்டுப் பார்த்தேன். முதுகு இளைத்த மாதிரிதான் இருக்கிறது. என் விரலை நம்ப முடியவில்லை. வீட்டுக்காரர் பட்டினி போடு என்கிறார். மகள் தீனி போடு என்கிறாள். சினையாக இருந்து பட்டினி போட்டால் உள்ள சதையும் கரையும். செரிக்காமல் இருந்து தீனி போட்டால் போய்விடுவாள். இப்போது ஸ்கூட்டரில் மீன் விற்க வருகிறவரைக் கேட்டால் செல்போனில் பார்க்கச் சொல்கிறார்.

பொங்கல் கொடுக்கவில்லை, முருகன் மேல் சத்தியம். வள்ளிக்குத் தீனி நேரம் ஒன்பது மணி. அதற்குள் பதில் சொல்லுங்கள், அக்கா.