மாடியிலிருந்து இறங்கிய துணிக்கயிறு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். அப்பாவுக்குக் கொஞ்சம் மானம் போனதைத் தவிர அவரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

நம் வீட்டுப் பழந்துணிப் பெட்டி உனக்குத் தெரியுமே. கிழிந்த போர்வை, வெளுத்த திரைச்சீலை என்று நான் எதையும் தூக்கிப் போட மாட்டேன், அப்பாவோ "இது வீடா, உன் ஆஸ்பத்திரி சலவைக்கூடமா?" என்று எகிறுவார். போன செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அத்தனையையும் மூட்டை கட்டி மொட்டை மாடிக்குக் கொண்டுபோயிருக்கிறார், தரம் பிரித்துக் கழிக்கப் போகிறாராம். காற்றில் கதவு படீரென்று சாத்தி உள்தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. செல்போன் கீழே, பால் அடுப்பில். சிவப்புத் திரைச்சீலையை எடுத்து ஆட்டினாராம், தெருவில் போன பழக்காரர் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போனாராம். கத்திப் பார்த்தார், கீழ்க்கடைத் தையல்காரருக்கு மிஷின் சத்தத்தில் எங்கே கேட்கும்?

அதற்குள் கருகல் வாடை மேலே வந்துவிட்டது. வாசல் சாவி சட்டைப் பையில்தான் இருந்தது, ஆனால் தூக்கிப் போட்டால் நேரே சாக்கடைக்குள் போய்விடும். ஆனாலும் மனுஷனுக்கு மூளை வேலை செய்திருக்கிறது. போர்வை, திரைச்சீலை, துண்டு எல்லாவற்றையும் நுனியோடு நுனி முடிந்து, சாவியைக் கடைசியில் கட்டிக் கீழே விட்டார். தையல்காரர் கண்ணுக்குப் படவேண்டிய இடத்துக்கு ஒரு முழம் குறைந்தது. உடனே போட்டிருந்த சட்டையைக் கழற்றி அதையும் சேர்த்து முடிந்தார், வெற்றுடம்போடு நின்றவரைத் தெருவே வேடிக்கை பார்த்தது. கண்ணெதிரே ஆடிய சாவியைப் பார்த்ததும் தையல்காரர் ஓடிவந்து, வீட்டைத் திறந்து அடுப்பை அணைத்து மாடிக் கதவையும் திறந்தார். பாத்திரம் போச்சு, வீடு பிழைத்தது. அவர் வருத்தமெல்லாம் வேறே: "சார், முடிச்செல்லாம் ஜோர்தான், ஆனா நான் தச்ச சட்டையப் போய் இப்படி இழுத்துட்டீங்களே."

சாயங்காலம் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. முடிச்சுகளை அவிழ்த்து முடித்துப் பார்த்தால், மூட்டைக்குள் உன் மூன்று வயது மஞ்சள் கவுன் மட்டும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. இதைக் கட்டியிருந்தால் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்காதே என்றேன். "முடிச்சுப் போட்டா அது கிழிஞ்சுடும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கே குளிர் அதிகமாமே, காதை மூடாமல் வெளியே போகாதே. நோய்நொடி அண்டாமல் நன்றாக இரு கண்ணு. அப்பா போனில் பேசினால் இதை நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, அவரே சொல்வார், அதில் சட்டை மட்டும் இருக்காது.

என்றும் உன் நினைவோடு,
அம்மா