அயிரை என்று வைத்த பெயர்

மாப்ளே,

உன் வீட்டு வாசலில் நிற்கிற புது வண்டிக்குள், இடதுபக்கச் சீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சீட்டுக்குப் போட்டிருக்கிற பிளாஸ்டிக் உறையை உன் மனைவி வசந்தா இன்னும் கழற்ற விடவில்லை. அந்த வாசனையோடு, காலையில் டயருக்கு அடியில் வைத்து நசுக்கிய எலுமிச்சம்பழத்தின் வாசனையும் வந்துகொண்டிருக்கிறது. தோல் டயரில் ஒட்டிக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி வரைக்கும் வந்துவிட்டது போல. பழத்தை வைத்தது நான்தான். குருக்கள் வரத் தாமதமாயிற்று. "நீங்களே வைங்கண்ணே, அவர் இருந்தா உங்களைத்தான் வைக்கச் சொல்லியிருப்பார்" என்றாள் வசந்தா. தொப்பி போட்ட பாய் ஒருத்தன் குனிந்து நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைப்பதை ஷோரூம் பிள்ளைகள் செல்போனில் படம் எடுத்தார்கள். நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் என்னைக் கலாய்த்திருப்பாய்.

நீ சொல்லிவிட்டுப் போன வேலையைச் செய்துவிட்டேன். முதல் வண்டியை எடுத்தாயிற்று. ஆனால் முடித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஸ்டியரிங் பக்கம் காலியாக இருக்கிறது. எனக்கு இன்னமும் ஓட்டத் தெரியாது. கார் நம்பர் எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கார் ஓட்டத் தெரியாதா என்று ஊரே சிரித்த காலத்தில், நீ மட்டும் "உனக்கு எதுக்கு பாய், நான்தான் ஓட்டுறேனே" என்றாய். அந்த ஒரு வார்த்தையை நம்பி இந்த வயது வரைக்கும் இடதுபக்கமே உட்கார்ந்துவிட்டேன்.

நம் கதை ஆரம்பித்ததே அந்த நம்பர் எழுதுகிற வேலையில்தான். திருச்சி கார் கிளப்காரர்கள் காவிரிக் கரையையும் வாய்க்கால் கரைகளையும் சேர்த்து ஒரு ராலி வைத்தார்கள். நீ யாரிடமிருந்தோ வாங்கிய ஒரு பழைய குட்டிக் காரோடு என் கடைக்கு வந்து, கதவில் பந்தய நம்பர் எழுதச் சொன்னாய். பெயின்ட் காயக் காத்திருந்த நேரத்தில், "பக்கத்துல உக்காந்து வழி சொல்ல ஒரு ஆள் வேணும், வர்றீங்களா" என்று கேட்டாய். டீ சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரிதான் கேட்டாய். நானும் ஏதோ டீ சாப்பிடப் போகிற மாதிரியே தலையாட்டினேன்.

ராலிக்கு முன்னால் வழி பார்க்க விட்ட நாளில், மற்றவர்கள் வளைவுக்கு வளைவு கோணமும் மீட்டரும் குறித்துக்கொண்டபோது, நாம் நம் ஊர் வழக்கப்படி குறித்துக்கொண்டோம். மதகு தாண்டி இடது. களத்துமேடு வந்ததும் வேகம் குறை. ஒத்தைப் பனை, நேராப் போ. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் நான் எழுத, நீ ஓட்டிக்கொண்டே சொன்னாய். ஓர் இடத்தில் கரையை ஒட்டிப் பெரிய வைக்கோல் போர் ஒன்று, வீடு கட்டிய மாதிரி நின்றது. "அதை எழுதிக்க பாய். போர் வந்ததும் வலது. இதைவிட நல்ல அடையாளம் எவனுக்குக் கெடைக்கும்?" என்றாய். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த இரண்டு பேருக்கு, வைக்கோல் போர் நிரந்தரமாக நிற்கிற பொருள் இல்லை என்று தோன்றாமல் போனதுதான் அதிசயம்.

ராலி அன்றைக்கு நான், "போர் வரும், போர் வரும், வலது" என்று கத்திக்கொண்டே வருகிறேன். போர் வரவே இல்லை. நாம் பார்த்துவிட்டுப் போன பிறகு லாரி வைத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நீ நேராக விட்டாய். கரை திரும்பியது, நாம் திரும்பவில்லை. குறுவைக்கு விட்டிருந்த நாற்றங்காலுக்குள் வண்டி பச்சென்று இறங்கியது. என் மூக்குக்கண்ணாடி எங்கேயோ போயிற்று. நீ ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "போர் எங்க பாய்?" என்று கேட்டாய். அந்த முகத்தை நான் மௌத்தாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

வயலுக்குச் சொந்தக்கார அம்மா மண்வெட்டியோடு ஓடி வந்தது. அது திட்டத் திட்ட, நீ முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று வண்டியை ஆட்டிக்கொண்டே இருந்தாய். பெரிய கார் என்றால் அங்கேயே புதைந்திருக்கும். நம்முடையது நெளிந்து நெளிந்து, மாடு இறங்குகிற தடம் வழியாகக் கரையேறிவிட்டது. திட்டிக்கொண்டிருந்த அம்மா பாதியில் நிறுத்தி, "அட, அயிரையாட்டம்ல நழுவுது" என்றது. சேற்றிலேயே கிடந்து சேற்றிலேயே ஓடுகிற அந்தக் குட்டி மீனைச் சொன்னது. ராலி முடிந்த மறுநாள் விதைநெல் மூட்டையோடு போய், அந்த நாற்றங்காலை நாம் இரண்டு பேரும் திரும்ப விதைத்துக் கொடுத்தோம். அந்த அம்மா நமக்கு மோர் கொடுத்தது. அன்று சாயங்காலமே பானெட்டில் 'அயிரை' என்று மஞ்சள் பெயின்டில் எழுதினேன். என் கை எழுதிய எழுத்துகளிலேயே அதுதான் அழகு. இதை நானே சொல்லிக்கொள்கிறேன், நீயும் பல தடவை சொன்னதுதான்.

அடுத்தடுத்த ராலிகளில் அயிரை நிற்காமல் ஓடியது. அந்தக் காரைச் செய்த கம்பெனிக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, உன்னைச் சென்னைக்குக் கூப்பிட்டுப் புது வண்டிகளை ஓட்டிச் சோதிக்கிற வேலை கொடுத்தார்கள். பானெட்டும் பெயரும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் எடுத்து, ஆபீஸில் மாட்டினார்கள். நீ தலை நரைக்கும் வரை அங்கேயே இருந்தாய். எனக்குப் பெயின்ட் போய் ஸ்டிக்கர் வந்தது. பிரஷ் பிடித்த கை மெஷினில் எழுத்து வெட்டப் பழகிக்கொண்டது.

ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலேயே சொன்னாய். "புதுசா ஒரு குட்டி வண்டி பண்றோம் பாய். ராலி வண்டி பரம்பரைன்னு சொல்லப் போறாங்க. ஆபீஸ்ல எல்லார்ட்டயும் பேர் கேட்டாங்க. நான் அயிரைன்னு குடுத்துட்டேன்." உனக்குக் கிறுக்கா என்று கேட்டேன். "ஏன், நாட்டுல நாய் பேர்லயும் பூனை பேர்லயும் வண்டி விடலாம், நம்ம மீன் பேர்ல விடக்கூடாதா?" என்றாய். பிறகு அது கடைசிச் சுற்று வரைக்கும் வந்துவிட்டது என்று போன் செய்தாய். பெரிய அதிகாரி ஒருவர் உன் தோளைத் தட்டி, "உங்க பேர்தான்" என்று சொன்ன அன்று, அறுபதை நெருங்குகிற மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதாய். உனக்குக் கல்யாணம் முடிவானபோதுகூட நீ அப்படி அழவில்லை.

அதற்கப்புறம்தான் வயிற்றில் கட்டி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்திலும் நான் இடதுபக்கம்தான் உட்காருவேன், கவனித்திருப்பாய். உடம்பு பாதியாகிவிட்டது, பேச்சு மட்டும் குறையவில்லை. "பிள்ளைக்குப் பேர் வெச்சாச்சு பாய். பொறக்கறதப் பாக்கத்தான் எனக்கு நேரமில்ல" என்றாய். நான் வாய்க்கு வந்ததைச் சொல்லி அதட்டினேன். நீ கேட்டால்தானே. "வசந்தாவக் கூட்டிட்டுப் போய் நம்ம ஊர்ல மொத வண்டிய எடு. பின்னாடி எழுதியிருக்கும்ல, அந்த எழுத்த என் சார்பா ஒரு தடவ தடவிப் பாத்துட்டு வா. அது போதும்." சரி என்றேன்.

இன்று காலை அதற்குத்தான் போனோம். வசந்தா உனக்குப் பிடித்த அந்த மாம்பழக் கலர்ப் புடவையைக் கட்டியிருந்தாள். முதலில் பதிவு செய்தவர் என்று அவளை முன்வரிசையில் உட்கார வைத்து, ரோஸ்மில்க் கொடுத்தார்கள். ஸ்பீக்கரில் நாதஸ்வரம். சுவரில் பெரிய திரை. விளக்கை அணைத்துப் படம் போட்டார்கள். "சேற்றிலும் புழுதியிலும் பிறந்த வீரம்" என்று ஒரு கட்டைக்குரல் பேசியது. சட்டென்று திரை முழுக்க நீ வந்தாய். அந்தப் பழைய போட்டோ. இளவட்டமாக, தலை நிறைய முடியோடு, சிரித்துக்கொண்டு. வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற என் முகத்தைப் பாதியில் வெட்டியிருந்தார்கள், அது போகட்டும். பானெட் சுத்தமாக இருந்தது, மாப்ளே. என் எழுத்தைத் துடைத்திருந்தார்கள். எழுத்து இருந்த இடமே தெரியாதபடி, அவ்வளவு பதவிசாக. வசந்தாவுக்கு அது தெரியவில்லை, அவள் உன் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

துணியை இழுக்க அவளையே கூப்பிட்டார்கள். இழுத்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நேரே வண்டியின் பின்பக்கம் போய் நின்றாள். போனவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நானும் போய்ப் பார்த்தேன். வேறு ஏதோ பெயர். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் என் கை அழுகிப் போகும்.

மேனேஜர் ஒரு சின்னப் பையன், நல்ல பிள்ளை. அவன் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. "அந்தப் பேர் கடைசி வரைக்கும் இருந்துச்சு சார். மத்த ஸ்டேட்ல வாயில நுழையலன்னு மாத்திட்டாங்க" என்றான். எப்போது மாற்றினார்கள் என்று கேட்டேன். அவன் சொன்ன மாதம், நீ கண்ணை மூடிய மாதம். வசந்தா, "அவருக்குச் சொன்னாங்களா தம்பி?" என்று கேட்டாள். "அவர்தான் அப்ப இல்லையேம்மா" என்றான் அவன்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "வேண்டாம் வசந்தா, கேன்சல் பண்ணிட்டுப் போயிடலாம்" என்றேன். அவள் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எடுத்துக்கிட்டே போயிருவோம்ணே. அவர் எடுக்கச் சொன்னார், எடுத்தாச்சு. இதுக்கு மேல நாம யார்கிட்ட போய் நிக்கிறது" என்றாள். அப்புறம்தான் எலுமிச்சம்பழம் வைத்தது. நீ தடவச் சொன்னதை நான் தடவவில்லை. அங்கே தடவ ஒன்றுமில்லை.

என் தெருக்காரப் பையன் ஒருத்தன்தான் ஓட்டி வந்தான். வடுவூர் ஏரியைத் தாண்டியதும் பின்சீட்டில் வசந்தா சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நானும் அழுதிருப்பேன். நம் பழைய கரை ரோட்டைத் தொட்டதும் என் வாய் தன்பாட்டுக்கு, "போர் வரும், வலது" என்றது. பையன் வேகத்தைக் குறைத்து, "எந்தப் போர் பாய்?" என்றான். அந்த நாற்றங்கால் இருந்த இடத்தில் இப்போது மனை போட்டுக் கலர்க்கல் நட்டிருக்கிறார்கள். ஒன்றுமில்லை, நேராகப் போ என்றேன்.

ஊருக்கு வந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. கடையைத் திறந்தேன். சாப்பாட்டு நேரம், பஜாரில் ஆளில்லை. மஞ்சள் ஸ்டிக்கர் ரோலை எடுத்து, 'அயிரை' என்று வெட்டினேன். மெஷின் எழுத்து வேண்டாம் என்று, அந்தப் பழைய எழுத்தை ஞாபகத்திலிருந்து கையால் வரைந்து, கத்தியால் வெட்டினேன். எழுத்து கோணவில்லை. அதை எடுத்துக்கொண்டு வந்து வசந்தாவிடம் காட்டி, "அந்தக் கருமத்தப் பேத்துட்டு இத ஒட்டிடறேன். நம்ம வண்டிதானே, எவன் கேப்பான்" என்றேன். என் தொழிலே இதுதான். இரண்டு நிமிஷ வேலை.

அவள் ஸ்டிக்கரை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். அப்புறம் என் கையிலேயே திரும்பக் கொடுத்துவிட்டாள்.

"வேணாம்ணே. இத ஒட்டினா, நாம வெச்ச பேரு. நாமதான் அப்பவே வெச்சுட்டமே. கம்பெனிக்காரங்க வைக்கணும்னுதானே அவர் உசிரோட கெடந்தார்."

மாப்ளே, இத்தனை வருஷம் எவன் எவன் பெயரையோ கேட்ட இடத்தில் எல்லாம் ஒட்டிக் கொடுத்தவன் நான். டாக்டர் என்று ஒட்டியிருக்கிறேன், வக்கீல் என்று ஒட்டியிருக்கிறேன், பிறந்து நாலு நாளான குழந்தையின் பெயரை வேன் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். நீ கொடுத்த ஒரு பெயரை ஒட்ட என்னால் முடியவில்லை.

வசந்தா உள்ளே விளக்கேற்றுகிறாள். இந்த வண்டியை ஓட்ட இந்த வீட்டில் ஆள் இல்லை. உன் பையன் அமெரிக்காவிலிருந்து வந்தால் ஓட்டுவான், அவனும் எப்போது வருவானோ. நாளைக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம் என்று சொல்லியிருக்கிறாள்.

ஸ்டிக்கர் என் சட்டைப் பையில் இருக்கிறது. பின்னால் இருக்கிற தாளை உரிக்கவில்லை. உரித்துவிட்டால் எங்கேயாவது ஒட்டியாக வேண்டும். ஒட்ட எனக்கு இடமில்லை.