அவள் கேட்ட குரல்

ஜெசி,

2025 நவம்பர் 2, ஞாயிறு, கல்லறைத் திருநாள், காலை ஆறு நாற்பது. விழுப்புரம் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மெழுகுவர்த்தி இரண்டு கொண்டுவந்தேன். ஒன்றைப் பாப்பாவின் மண்மேட்டில் ஏற்றிவிட்டேன். மற்றது நீ ஏற்ற வேண்டியது, பையிலேயே இருக்கிறது.

போனில் பேசினால் மறுபடியும் கத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பிறந்த பாப்பா மூச்சுக்குத் திணறியபோது நீ கேட்டது ஒன்றுதான். "பங்குச் சாமியார் வர்ற வரைக்கும் தாங்காதுங்க. நீங்களே தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்துடுங்க." தண்ணி டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. ஆஸ்பத்திரி மெஷின்களைப் பழுதுபார்க்கப் படித்தவன் நான். மெஷின் ஆக்சிஜன் அளவைத் தப்பாகக் காட்டுகிறது என்று நர்ஸைத் திட்டிக்கொண்டே வயரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

மெஷின் சரியாகத்தான் காட்டியது.

போன வாரம் திண்டிவனத்தில் உன் அம்மா வீட்டிலிருந்து போனில் நீ சொன்னாய்: "அவ மோட்சத்துலதான் இருக்கா, ஆண்டவரே எடுத்துக்கினாரு. நீங்க எங்க போகப்போறீங்கன்னுதான் தெரியல." நான் போனை வைத்துவிட்டேன்.

அவளை மறுபடி பார்ப்போம் என்று நானும் நம்புகிறேன். அதனால்தான் பயம். உயிரோடு இருந்த இரண்டு மணி நேரத்தில் அவள் கேட்ட அப்பா குரல் அந்தக் கத்தல்தான். அதே குரலோடு அவள் முன்னால் போய் நிற்க முடியாது. இங்கேயே மாற்றியாக வேண்டும்.

செய்யப்போவது:

1. இன்றைக்குப் பூசைக்கு முன்னால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம்.

2. நாளைக்கு அந்த நர்ஸிடம் மன்னிப்பு.

3. அடுத்த ஞாயிறு திண்டிவனம் பஸ். உன்னைக் கூட்டிக்கொண்டுவர அல்ல. நீ பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு கேட்க.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா